மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: மருத்துவர் வெற்றி என்கிறார், அம்மா திருப்தி இல்லை என்கிறார்

கோமதியின் மகள் (தென்காசி)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். மூட்டு மாற்று செய்துகொண்டவர்கள், வீட்டில் அப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்கள் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

அம்மாவுக்கு 66 வயது. ஏழு மாதங்களுக்கு முன் வலது முழங்காலில் முழு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முன் பத்து ஆண்டு வலி. கடைசி இரண்டு ஆண்டுகளில் கால் வில்லாக வளைந்துவிட்டது. தெருமுனையில் பால் வாங்கி வர அரை மணி நேரம் ஆகும், நடுவில் எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்துதான் வருவார்.

போன வாரம் மறுபரிசோதனைக்குத் திருநெல்வேலி போனோம். மருத்துவர் எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் செருகிப் பார்த்தார். "பிரமாதமாகப் பொருந்தியிருக்கிறது அம்மா, கால் நேராகிவிட்டது, இனி ஆண்டுக்கு ஒரு முறை வந்தால் போதும்" என்றார். அம்மா தலையாட்டினார். வெளியே வந்து காரில் ஏறும்போது இரண்டு கைகளாலும் அந்தக் காலைத் தூக்கி உள்ளே வைத்தார். ஆலங்குளம் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு சொன்னார்: "நன்றாக இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார். வலிக்கிறது என்று நான் எந்த வாயால் சொல்வது?"

தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போயிருக்கிறது. சாயங்காலம் ஆனால் மூட்டு அனலாகச் சுடுகிறது. எழுந்து நடந்தால் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். இரவு ஒரு மணிக்கு வலி எழுப்பிவிடுகிறது. இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்கிறார். வாசலில் குந்தி உட்கார்ந்து கோலம் போட முடியவில்லை என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அதற்காகத்தான் சிகிச்சைக்கே ஒத்துக்கொண்டார். "இது என் கால் இல்லை, யாருடைய காலையோ எனக்குக் கட்டிவிட்டார்கள்" என்கிறார்.

எல்லோருக்கும் இப்படித்தானா? ஏழு மாதம் போதாதா? அல்லது ஏதோ தவறு நடந்திருக்கிறதா?

குடந்தை வாத்தியார்

மகளே, கலங்க வேண்டாம். எனக்கு 73 வயது. 2018-இல் இடது, 2019-இல் வலது, இரண்டும் மாற்றியாயிற்று. 2000-இலும் 2001-இலும் பிரதமர் வாஜ்பாய்க்கு மும்பையில் இரண்டு முழங்கால்களுக்கும் இந்த சிகிச்சை நடந்தபோதுதான் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் முதன்முதலாக இதைப் பற்றிப் பேசினோம். அன்று அது பெரிய இடத்து வைத்தியம் என்று நினைத்தேன். நம் தெருவுக்கே வரும் என்று எண்ணவில்லை.

எனக்கு முழு மனநிறைவு. ஆனால் அது ஆறாவது மாதத்தில் வரவில்லை. முதல் எட்டு மாதம் நானும் உங்கள் அம்மா சொன்னதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓர் ஆண்டு தாண்டிய பிறகு ஒருநாள் மகாமகக் குளத்தைச் சுற்றி வந்து வீட்டுக்குள் நுழையும்போதுதான், வழியில் முழங்காலைப் பற்றி ஒரு முறைகூட நினைக்கவில்லை என்பது உறைத்தது.

சுவாமிமலையில் அறுபது படி, பிரபவ முதல் அட்சய வரை ஆண்டுக்கு ஒன்று. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுகிறேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். அந்தச் சூத்திரத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மருத்துவமனையில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர்.

சம்மணம் போட முடியாது. சன்னதியில் விழுந்து வணங்க முடியாது. கையைக் கூப்பிவிட்டு வந்துவிடுகிறேன்.

அம்மாவுக்குப் பொறுமை வேண்டும். பயிற்சியை விடாமல் செய்யச் சொல்லுங்கள். பாதிப் பேர் வலிக்கிறது என்று பயிற்சியை நிறுத்திவிட்டு, பிறகு மருத்துவரைக் குறை சொல்கிறார்கள்.

வேலூர் வசந்தா

ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை கொடுத்தே எழுதுகிறேன். உங்கள் கடைசி வரி எனக்கு வலித்தது.

"பொறுமை வேண்டும், பயிற்சி போதவில்லை" என்ற இந்த இரண்டையும் சொல்லிச் சொல்லியே என் கணவரின் வலியை இரண்டு ஆண்டு யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. அவர் சோம்பேறி இல்லை. மின்வாரியத்தில் கம்பம் ஏறியவர். காலை ஐந்து மணிக்கே எழுந்து கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டிருப்பார், பனியனெல்லாம் வியர்வையில் நனைந்திருக்கும். வலி குறையவே இல்லை. சும்மா படுத்திருந்தாலும் வலி. எக்ஸ்ரே நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் வேறு ஒரு மருத்துவர் மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்துச் சோதித்தார். உள்ளே மெதுவாக வேலை செய்துகொண்டிருந்த கிருமித் தொற்று. பொருத்திய மூட்டை எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் மருந்து கலந்த சிமென்ட் வைத்து, பல வாரம் கழித்து மறுபடியும் புது மூட்டு. இரண்டு அறுவை சிகிச்சைகள். இன்று நடக்கிறார். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகள் 'இவர் முயற்சி செய்யவில்லை' என்ற பெயரைச் சுமந்துகொண்டே வலியையும் சுமந்தார்.

தங்கையே, அம்மா வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தொற்று இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

குடந்தை வாத்தியார்

வசந்தா அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தையே எல்லோர் மேலும் போட்டுப் பார்த்துவிட்டேன். கோமதியின் மகளும் முதலில் இவர் சொன்னபடியே செய்யட்டும்.

புதுவை எலும்பு மருத்துவர்

நான் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்பவன். பார்க்காத நோயாளிக்கு மருத்துவம் சொல்ல மாட்டேன். பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அம்மா சொன்ன நான்கில் மூன்று பெரும்பாலானவர்களுக்கு வருவதுதான். மரத்துப்போவது, தோலுக்கு உணர்வு தரும் ஒரு சிறு நரம்புக் கிளை கீறலின் வழியில் அறுபடுவதால் வருகிறது. அந்த இடம் நாளடைவில் சுருங்கும், சிலருக்கு ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு நிலைத்தும் விடும். சூடும் லேசான வீக்கமும் ஆறு மாதத்துக்கு மேலும் இருக்கலாம். 'டக்' என்பது உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்ளும் ஓசை, வலியோடு வராதவரை அஞ்ச வேண்டாம். அறுவைக்கு முன் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். நாங்கள் சொல்லாமல் விட்டால், அம்மா இரவில் தனியாகக் கிடந்து என்னவோ ஏதோ என்று பயப்படுகிறார்.

நான்காவது, இரவு வலி. ஏழாவது மாதத்தில் அதைத் தள்ளிவிடக் கூடாது. வசந்தா அம்மா சொன்னது சரி. ரத்தத்தில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் பாருங்கள், உடலில் தொற்றோ அழற்சியோ இருந்தால் கூடும் அளவுகள் அவை. கூடியிருந்தால் மூட்டு நீரைச் சோதிக்க வேண்டும். சர்க்கரை இருந்தால் அதையும் பாருங்கள். திடீரென்று வீக்கம், காய்ச்சல், தழும்பில் கசிவு, கெண்டைச் சதையில் வலி இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்னொன்று: இடுப்பு மூட்டிலிருந்தோ முதுகெலும்பிலிருந்தோ வரும் வலியும் முழங்காலில் தெரியும். இடுப்பை ஒருவராவது அசைத்துப் பார்த்தார்களா?

"இது என் கால் இல்லை" என்கிறாரே, அது வெறும் மனக்குறை இல்லை. நாங்கள் தொடை எலும்பின் நுனியில் உலோகக் கவசமும், கீழ்க்கால் எலும்பின் தலையில் உலோகத் தட்டும், நடுவில் பிளாஸ்டிக்கும் வைக்கிறோம். வழக்கமான வகைகளில் மூட்டின் நடுவே எலும்புகளைப் பிணைக்கும் முன் சிலுவை நாரை எடுத்துவிடுகிறோம், பல வகைகளில் பின் நாரையும். கால் எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வை மூளைக்கு அனுப்புவதில் அந்த நார்களுக்கும் பங்கு உண்டு. எக்ஸ்ரேயில் அது தெரியாது.

இங்கிலாந்தில் தேசிய மூட்டுப் பதிவேட்டை வைத்து 2007-இல் வெளியான ஆய்வில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள். திருப்தி என்றவர்கள் 81.8 விழுக்காடு, திருப்தி இல்லை என்றவர்கள் 7 விழுக்காடு. மீதி 11.2 விழுக்காட்டினர் 'உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை' என்றார்கள். அறையில் எங்கள் முன்னால் தலையாட்டிவிட்டு, வெளியே போய்க் காலைத் தூக்கி வைத்துக் காரில் ஏறுபவர்கள் அவர்களில் இருப்பார்கள். உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு அந்த எண்தான் நினைவுக்கு வந்தது.

ஸ்கார்பரோ சிவா

வணக்கம் அக்கா. நான் கனடாவில் இருக்கிறேன். என் அம்மா யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்தவர், 2016-இல் இங்கே மூட்டு மாற்று செய்துகொண்டார்.

மருத்துவர் சொன்னதைப் போன்ற ஆய்வு எங்கள் ஒன்ராறியோ மாகாணத்திலும் நடந்தது. ராபர்ட் போர்ன் என்ற அறுவை மருத்துவரும் அவர் குழுவும் 1,703 பேரிடம் கேட்டு 2010-இல் வெளியிட்டார்கள். 19 விழுக்காட்டினருக்குத் திருப்தி இல்லை. யாருக்குத் திருப்தி இல்லாமல் போகிறது என்று தேடியபோது முன்னால் வந்து நின்றது, எதிர்பார்த்தது நடக்காமல் போனதுதான். அவர்களுக்கு அதிருப்தி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அறுவைக்கு முன்பே ஓய்விலும் வலி இருந்தவர்கள், பிறகு சிக்கலாகி மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் எல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

இதை எங்கள் வீட்டிலேயே கண்டேன். அறுவைக்கு முன் அம்மாவை ஒரு வகுப்புக்கு அழைத்தார்கள். இயன்முறை சிகிச்சையாளர் ஒவ்வொருவரிடமும், "இந்த முழங்காலால் மறுபடி என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள்?" என்று கேட்டார். மொழிபெயர்க்க நான் பக்கத்தில் இருந்தேன். அம்மா, "கோவிலில் நிலத்தில் சம்மணமிட்டுத் தேவாரம் படிக்க வேண்டும்" என்றார். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "அது பெரும்பாலும் முடியாது. கதிரையில் (நாற்காலியில்) இருந்து படிக்கலாம். அது உங்களுக்குப் போதுமா?" அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், "போதும், கேட்டுச் சொல்" என்றார்.

அம்மாவின் முழங்கால் இன்று 105 டிகிரிதான் மடங்கும். பக்கத்துக் குடியிருப்பில் இன்னொரு அம்மாவுக்கு 115 மடங்கும். அவர் அழுகிறார், என் அம்மா அழவில்லை. அந்த அம்மாவிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஈரோடு இயன்முறை

கோமதியின் மகள், மூன்றே மூன்று கேள்வி. அம்மாவைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

ஒன்று: மெத்தை இல்லாத கட்டிலில் மல்லாந்து படுக்கவைத்துக் காலை நீட்டச் சொல்லுங்கள். முழங்காலின் பின்பக்கம் கட்டிலைத் தொடுகிறதா? இடையில் கை நுழைகிறதா?

இரண்டு: படுத்தபடியே குதிகாலைப் பிட்டத்தை நோக்கி இழுத்தால் எவ்வளவு மடங்குகிறது? நேரான செங்கோணத்தைத் தாண்டுகிறதா?

மூன்று: தூங்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கிறாரா?

கோமதியின் மகள் (தென்காசி)

எல்லோருக்கும் நன்றி. வசந்தா அக்கா, உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், அந்த மனிதர்" என்றார்.

ரத்தப் பரிசோதனை செய்துவிட்டோம். இரண்டும் இயல்பாக இருக்கின்றன. இடுப்பை யாரும் அசைத்துப் பார்க்கவில்லை. உள்ளூர் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னேன், இடுப்பில் ஒன்றும் இல்லை என்றார்.

ஈரோடு ஐயா, முழங்காலுக்கு அடியில் என் நான்கு விரல்கள் தாராளமாக நுழைகின்றன. மடங்குவது செங்கோணத்துக்குக் கொஞ்சம் மேல். தலையணை: ஆமாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாளிலிருந்து இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றை மடித்து முழங்காலுக்கு அடியில்தான் வைத்துக்கொள்கிறார். அது இல்லாமல் தூக்கமே வராது என்பார். நானேதான் தினமும் எடுத்து வைக்கிறேன். அது தவறா?

ஈரோடு இயன்முறை

உங்கள் மேல் தவறில்லை அம்மா. வீட்டுக்கு அனுப்பும்போது ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். முழங்கால் சற்று மடங்கியிருந்தால் உள்ளே இறுக்கம் குறைந்து சுகமாக இருக்கும், அதனால்தான் எல்லோருக்கும் தலையணை பிடிக்கிறது. அதே நிலையில் ஏழு மாதம் கிடந்தால் பின்பக்கத் தசைநார்கள் அப்படியே சுருங்கிவிடும். கால் முழுதாக நீளாது. நீளாத காலோடு நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் தொடைத் தசை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். மாலையில் சோர்வும் இரவில் வலியும் அதனாலும் வரலாம். எல்லோரும் எவ்வளவு மடங்குகிறது என்றுதான் கேட்கிறார்கள், எவ்வளவு நீள்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

இன்று முதல் தலையணையை எடுத்துவிடுங்கள். ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முழங்காலுக்கு அடியில் ஒன்றும் இருக்கக் கூடாது. பத்து நிமிடம், ஒரு நாளைக்கு நான்கைந்து முறை. அதே நிலையில் தொடையை இறுக்கி முழங்காலைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணி விடச் சொல்லுங்கள். இழுக்கும் வலி வரும், அது பரவாயில்லை. குத்தும் வலி வந்தால் நிறுத்திவிடுங்கள். அருகில் இயன்முறை சிகிச்சையாளரிடம் வாரம் இரண்டு நாளாவது கூட்டிப்போங்கள், கோணத்தை அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

ஏழு மாதம் கடந்துவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் கிடைப்பது போல் வேகமாகக் கிடைக்காது, ஆனால் கிடைக்கும்.

நத்தம் நல்லசிவம்

இதைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. இந்த அறுவை சிகிச்சையே ஏன்? என் மாமனார் முடக்கத்தான் தைலம், ஒத்தடம், எடைக் குறைப்பு என்று நான்கு ஆண்டாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். நன்றாகவே நடக்கிறார். ஐந்தில் ஒருவர் திருப்தி இல்லை என்கிறார் என்றால், அந்த ஐந்தில் ஒருவரை முதலிலேயே கத்தியிலிருந்து காப்பாற்றியிருக்கலாமே?

புதுவை எலும்பு மருத்துவர்

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. டென்மார்க்கில் அதையே ஆய்வாகச் செய்தார்கள், 2015-இல் வெளியானது. அறுவைக்குத் தகுதியான நூறு பேர். பாதிப் பேருக்கு மூட்டு மாற்றும் அதன்பின் பயிற்சியும். பாதிப் பேருக்குப் பன்னிரண்டு வாரம் உடற்பயிற்சி, எடைக் குறைப்பு ஆலோசனை, காலணியில் வைக்கும் தாங்கு, வலி மாத்திரை ஆகியவை மட்டும்.

ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால் அறுவை செய்தவர்களுக்கு முன்னேற்றம் ஏறக்குறைய இரு மடங்கு. குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் அவர்களில் 85 விழுக்காடு, மற்றக் குழுவில் 67 விழுக்காடு. அதாவது கத்தி இல்லாமல் தொடங்கியவர்களிலும் மூன்றில் இருவருக்குப் பலன் கிடைத்திருக்கிறது. அந்தக் குழுவில் நான்கில் ஒருவர் ஆண்டு முடிவதற்குள் அறுவைக்கு வந்துவிட்டார் என்பதும் உண்மை. கடுமையான பக்கவிளைவுகள் அறுவைக் குழுவில் 24, மற்றதில் 6.

உங்கள் மாமனார் நடக்கிறார், தூங்குகிறார் என்றால் அவருக்கு இப்போது அறுவை வேண்டாம். எக்ஸ்ரேயில் தேய்மானம் குறைவாக இருக்கும்போதே அவசரப்பட்டுச் செய்துகொள்கிறவர்களுக்குத்தான் பின்னால் மனக்குறை அதிகம் வருகிறது. கால் வில்லாக வளைந்து, பால் வாங்க அரை மணி நேரம் ஆன கோமதி அம்மாவுக்கு அறுவை தேவைப்பட்டது, அதில் எனக்கு ஐயமில்லை. அதற்கு முன் அவரோடு நடந்திருக்க வேண்டிய பேச்சுதான் நடக்கவில்லை.

காஞ்சி தறிக்காரர் மகன்

அப்பாவைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

அப்பாவுக்கு 64 வயது. நாற்பது ஆண்டுக்கு மேல் குழித்தறியில் பட்டு நெய்தவர். முழங்கால் போனதும் தறியை விட்டு எழ முடியாமல் ஒன்றரை ஆண்டு வேலையை நிறுத்திவிட்டார். வீட்டில் தறிச் சத்தம் நின்றதும் அவர் பேச்சும் நின்றுபோயிற்று. அரசு மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று செய்தோம்.

அங்கே ஓர் இளம் பயிற்சி மருத்துவர் அப்பாவிடம், "என்ன வேலை?" என்று கேட்டார். நெசவு என்றதும், "எப்படி உட்காருவீர்கள், காட்டுங்கள்" என்றார். அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டு, மிதிகளை மாறிமாறி அழுத்துவது போலக் காட்டினார். "இப்படித்தான் என்றால் நெய்யலாம் ஐயா. கீழே போய் உட்காருவதற்கும் எழுவதற்கும் மட்டும் வழி செய்யுங்கள்" என்றார் அவர். குழித்தறியில் கால் குழிக்குள் தொங்கும், முழங்கால் செங்கோணத்துக்கு மேல் மடங்க வேண்டிய தேவை இல்லை. இதை நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை. இனிமேல் தறி இல்லை என்றே முடிவு செய்திருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் உத்தரத்திலிருந்து தடிமனான கயிறு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டோம், நடுநடுவே முடிச்சுப் போட்டு. குழிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. பெட்டியில் உட்கார்ந்து, கயிற்றைப் பிடித்து, அறுவை செய்த காலை முன்னால் நீட்டியபடி இறங்குவார். ஆறாவது மாதத்தில் தறியில் ஏறினார். முன்பு பத்து மணி நேரம், இப்போது நான்கு மணி நேரம். ஒரு சேலைக்கு மூன்று வாரம் கூடுதலாகிறது. அவருக்கு மரத்துப்போனதும் உண்டு, மழைக்காலத்தில் இறுக்கமும் உண்டு. திருப்தியா என்று யாராவது கேட்டால் எதிரே தறியில் இருக்கும் பாவு நூலைக் காட்டுகிறார்.

மதுரை மீனாள்

நான் பணப் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திருப்தியில் அதற்கும் பங்கு உண்டு. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் உபகரணங்களுக்கு விலை உச்சவரம்பு வைத்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு 54,720 ரூபாய், 'ஹை ஃப்ளெக்ஸ்' என்ற அதிகம் மடங்கும் வகைக்கு 56,490 ரூபாய், வரி தனி. இரண்டுக்கும் வித்தியாசம் 1,770 ரூபாய். என் மாமியாருக்கு 'கீழே உட்காரலாம்' என்று சொல்லித்தான் அந்த அதிகம் மடங்கும் வகையைப் பொருத்தினார்கள், சிகிச்சையின் மொத்தக் கட்டணத்தில் அதற்காகக் கூடுதலாக வாங்கிய தொகை இந்த வித்தியாசத்தைப் போலப் பல மடங்கு. மாமியாரால் இன்றுவரை கீழே உட்கார முடியவில்லை. மருத்துவர் ஐயா, அந்த வகை உண்மையிலேயே கூடுதலாக மடங்குமா?

புதுவை எலும்பு மருத்துவர்

ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சாதாரண வகைக்கும் அதற்கும் மடங்கும் கோணத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அறுவைக்குப் பின் எவ்வளவு மடங்கும் என்பதை அதிகம் தீர்மானிப்பது அறுவைக்கு முன் எவ்வளவு மடங்கியது என்பதுதான். ரோபோ உதவியோடு செய்தால் திருப்தி கூடும் என்ற பேச்சும் இப்போது நிறைய. தென் கொரியாவில் ரோபோ முறையையும் வழக்கமான முறையையும் ஒப்பிட்டுப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில் நோயாளிகளின் செயல்பாட்டில் வித்தியாசம் தெரியவில்லை.

சமதரையில் நடக்க 60, 70 டிகிரி போதும். படியேற 90 பக்கம். நாற்காலியிலிருந்து எழ 100 பக்கம். குந்தி உட்கார 120-க்கு மேல் வேண்டும். மாற்று மூட்டு பெரும்பாலும் 100-க்கும் 120-க்கும் இடையில் நின்றுவிடும், அதைத் தாண்டினாலும் அவ்வளவு மடக்கி எடையைப் போட்டால் பிளாஸ்டிக் தேய்கிறது என்பதால் பலர் வேண்டாம் என்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலகம் முழுக்கப் பயன்படும் 'ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் மதிப்பெண்' என்ற படிவம் 1998-இல் வந்தது. பன்னிரண்டு கேள்விகள். மண்டியிட்டு எழ முடிகிறதா, கடைக்குப் போய்ச் சாமான் வாங்க முடிகிறதா, படி இறங்க முடிகிறதா என்றெல்லாம் கேட்கும். தரையில் உட்கார முடிகிறதா என்று ஒரு கேள்வி கிடையாது. நான் அதைத் தமிழில் கேட்டு நிரப்பி, 48-க்கு 42 என்று எழுதி, மகிழ்ச்சியோடு கோப்பில் வைத்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் பந்தியில் உட்கார முடியாமல் கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டார் என்பது அவர் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து நானே நான்கு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறேன்: வீட்டில் கழிப்பறை எந்த வகை, எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள், எங்கே உட்கார்ந்து சாமி கும்பிடுகிறீர்கள், எதைச் செய்ய முடியாமல் போனால் அழுவீர்கள். கடைசிக் கேள்விக்குச் சிலர் பதில் சொல்ல நேரமாகும். காத்திருப்பேன்.

வேலூர் வசந்தா

மருத்துவர் ஐயா, அந்த நான்காவது கேள்வியை என் கணவரிடம் யாராவது கேட்டிருந்தால் "பேரனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டும்" என்றிருப்பார். இப்போது அவன் ஒன்பது வயதுப் பையன், தூக்க வேண்டிய வயது போய்விட்டது. தாத்தாவுக்கு முன்னால் ஓடி மேலே நின்று எண்ணுகிறான், ஒவ்வொரு படிக்கும்.

கோமதியின் மகள் (தென்காசி)

பதினோரு வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், எழுத நேரமில்லை.

தலையணையை எடுத்த முதல் வாரம் அம்மா தூங்கவே இல்லை. மூன்றாம் நாள் இரவு, "கொடுத்துவிடு, எனக்குக் கால் வேண்டாம், தூக்கம் போதும்" என்று கெஞ்சினார். கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டேன். இயன்முறை சிகிச்சையாளர் முதல் நாள் அளந்தபோது கால் நீளாமல் நின்ற அளவு 15 டிகிரி, மடங்குவது 98. நேற்று அளந்தது: 4 டிகிரி, 110. முழங்காலுக்கு அடியில் இப்போது ஒரு விரல்தான் நுழைகிறது.

இரவு வலி முழுக்கப் போகவில்லை. வாரத்தில் இரண்டு நாள் எழுப்புகிறது. மரத்த இடம் சற்றுச் சுருங்கியிருக்கிறது, அம்மாவே பேனாவால் சுற்றிக் கோடு போட்டு வைத்துப் பார்க்கிறார். பால் வாங்கப் போனால் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்காராமல் வருகிறார். சத்தம் கேட்டால் "பிளாஸ்டிக்" என்று சொல்லிவிட்டு நடக்கிறார்.

கோலத்துக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. எங்கள் வாசலில் மூன்று படிகள். இரண்டாவது படியில் உட்கார்ந்து, வலது காலை நீட்டிக்கொண்டு, கை எட்டுகிற தூரத்துக்குப் போடுகிறார். ஐந்து புள்ளிக்கு மேல் எட்டாது. நான் கைகொடுத்து எழுப்புகிறேன். மார்கழிக்குப் பெரிய கோலம் போட முடியாது என்பதில் வருத்தம் இருக்கிறது, மறைக்கவில்லை.

இடது காலிலும் தேய்மானம் தொடங்கிவிட்டது. அதற்கு அறுவை வேண்டுமா என்று கேட்டால், "முதலில் பயிற்சி செய்து பார்க்கிறேன், டென்மார்க்காரர்கள் செய்தார்களாமே" என்கிறார். அடுத்த மறுபரிசோதனைக்கு ஒரு தாளில் கேள்விகளை எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறார். அவர் கையெழுத்தில் ஏழு வரி. படித்துக் காட்டச் சொன்னேன், "மருத்துவரிடம் நானே படிப்பேன்" என்று பையை மூடிவிட்டார்.

ஈரோடு இயன்முறை

நான்கு டிகிரிக்கு வந்துவிட்டார் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பயிற்சியை இன்னும் ஆறு மாதம் நிறுத்த வேண்டாம், குறைந்தால் இரண்டு வேளையாவது. படியில் உட்காரும்போது சுவரில் கைப்பிடிக் கம்பி ஒன்று பொருத்திவிடுங்கள், நீங்கள் இல்லாத நாளிலும் தானே எழுந்துகொள்வார். கம்பி அவர் உட்கார்ந்த நிலையில் தோள் உயரத்தில், இடது கைப்பக்கம் இருக்கட்டும்.